சுவரில் விளைந்த கோதுமை

தபாலாபீஸுக்குள் நுழைந்ததுமே விவசாயி ஆர்வில் ஸ்டக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் நாடே வேலையில்லாமல் கிடக்கிறது என்று ஓவியர்களுக்கும் சோறு போடக் கிளம்பிவிட்டது வாஷிங்டன் சர்க்கார். நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவன் இந்தக் கான்சாஸ் தபாலாபீஸ் சுவரில் சாரம் கட்டி உட்கார்ந்து கோதுமை வயல் வரைந்துகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, அது கோதுமையா, கோரைப்புல்லா?"

"கோதுமைதாங்க."

"நீ கோதுமையைக் கண்ணால பார்த்திருக்கியா? முத்தின கதிர் தலை தொங்கி நிக்கும். இது சிப்பாய் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது."

ஓவியன் பிரஷ்ஷால் கதிர்களை வளைத்தான்.

"உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சிருந்தா தெரியும். நாலு மாசமா பிரஷ்ஷை ஆட்டிக்கிட்டு கவர்மெண்ட் காசைத் திங்கிற. எல்லாம் எங்க வரிப்பணம். வெக்கமா இல்ல?"

"தப்பில்லாம வரையணும்னுதாங்க பாக்கறேன். நாளைக்கு உங்க வயலுக்கு வந்து பார்த்து வரையட்டுங்களா?"

ஆர்வில் அதைக் காதில் வாங்காதவராக தபால் கொடுக்கும் ஜன்னல் பக்கம் திரும்பினார். "வெர்னா, எனக்குத் தபால் வந்துச்சா?"

போஸ்ட்மாஸ்டர் வெர்னா பழுப்பு உறை ஒன்றை அவரிடம் நீட்டிவிட்டு ஓவியனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் வயல்ல போய் எதைப் பாக்கப் போறீங்க தம்பி? கோதுமை விலை ஏறணும்னா யாரும் விதைக்காம இருக்கணுமாம். நிலத்தைத் தரிசாப் போட்டுட்டு இவர் வீட்ல சும்மா உக்காந்திருக்கறதுக்குத்தான் கவர்மெண்ட் இந்தச் செக்கை அனுப்பியிருக்கு."

ஆர்வில் உறையைச் சட்டைப் பைக்குள் செருகினார். வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பி, சுவரை முறைத்தார்.

"அந்த மஞ்சளை இப்படி அள்ளிப் பூசாதே. எங்க வரிப்பணம்."