கணவர் பெயர் என்ன?

“தெரியலைன்னு போடாதம்மா. இவ சொல்லமாட்டான்னு போடு.”

“ஐயா, அப்படிப் போட இதுல இடமே இல்ல. சொன்னா ஒண்ணு, சொல்லலைன்னா…”

“சொல்லத் தெரியாதவளுக்கும் சொல்லாதவளுக்கும் ஒரே சைபரா?”

“…சைபர்தான். நான் என்னங்கய்யா செய்ய? ஏழு நாட்டுலயும் இதே கேள்வி. ஒரு எழுத்து மாத்தக்கூடாது.”

“அந்த ஏழு நாட்டுப் பொம்பளையளும் புருசனைப் பேரு சொல்லி அதட்டுவாளுவளா இருக்கும். இவ சொல்லமாட்டா. எம்பேரு…”

“ஐயோ, சொல்லிராதீங்க! கேள்வி கெட்டுப்போயிரும்.”

வாய்வரை வந்த தன் பெயரை அவர் விழுங்கிக்கொண்டார்.

இருவருக்கும் நடுவில், சக்கர நாற்காலியில் அவள்.

வலது கை மடியில் கிடந்தது. யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்ததுபோல.

பக்கவாதம் வந்தவர்களுக்கு அதன்பிறகு ஞாபகம் எப்படித் தேய்கிறது என்று ஏழு நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பார்க்கின்றன. கேள்வி கேட்க இங்கே ஜெசிந்தா. மேசைமேல் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெள்ளைக்கார டாக்டர். தமிழ் தெரியாது. சண்டையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அவர் விலாவில் இடிப்பாள். செண்பகப் பூ அவளுக்கு மஞ்சப்பூ. பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி வெறும் வல்லி.

போன தடவை இதே கேள்விக்குச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சைபர்.

அந்தச் சைபருக்குத்தான் இன்றைய சண்டை. மற்றச் சைபர்களுக்கு அவர் சண்டை போடவில்லை. என்ன கிழமை, இது எந்த ஊர், கையில் இருப்பது சாவியா சீப்பா. அதற்கெல்லாம் அவரிடம் சாக்கு இல்லை.

இது ஒன்றுக்குத்தான் இருந்தது.

“கடைசியா ஒரு தடவை கேக்கேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

“கேளு. நல்லாக் கேளு. தலையைக் குனிஞ்சு சிரிப்பா, பாத்துக்கோ.”

ஜெசிந்தா நாற்காலிக்கு முன்னால் குனிந்தாள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?”

அவர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“செண்பகராமன்.”

ஓர் எழுத்து குழறவில்லை. வாதம் வந்தபின் அவள் வேறெந்தச் சொல்லையும் இத்தனை சுத்தமாகச் சொன்னதில்லை.

பஸ்ஸில் ஊர் பெயர் சொல்லி டிக்கெட் கேட்பதுபோலச் சொன்னாள்.

ஜெசிந்தா கை தட்டினாள். அதைப் பார்த்துத் திரையில் டாக்டரும் கட்டைவிரலை உயர்த்தினார்.

“பாத்தீங்களா ஐயா! சொல்லவே மாட்டாங்கன்னு அந்தக் குதி குதிச்சீங்களே. போன தடவைக்கு ஒரு மார்க் கூட. இனி சந்தோசம்தான?”

அவர் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

மெல்லக் குந்தினார். முழங்கால் சொடக்கிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தருகே போனார்.

வெட்கம் இல்லை.

சேலைத் தலைப்பு மடியில் கிடந்தபடியே கிடந்தது. அதைத் தேடி அந்த நல்ல கை போகவில்லை.

அவள் அவரைப் பார்த்தாள். வழி கேட்டு வந்த ஆளைப் பார்ப்பதுபோல, நல்ல முகமாக.

ஜெசிந்தா அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினாள்.

அவர் அவளை முந்திக்கொண்டார்.

“ஏளா… அந்தச் செண்பகராமன் எங்க இருக்கான்? காட்டு பாப்போம்.”