கவனிப்பு நோட்டு

பதினொரு வருஷமாகப் பகல்நேரக் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்த டீச்சருக்கு, துடைக்கத் தெரியும் என்று சான்றிதழ் வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேலை கிடையாது. அவளும் வேலையோடு வேலையாகப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து தொலைத்தாள்.

ஏதாவது ஒரு குழந்தையை ஆறு வாரம் கவனித்து எழுத வேண்டும். அதுதான் கடைசிப் பரீட்சை. அவள் நீட்டிய நோட்டைப் பயிற்சியாளர் வாய்விட்டுப் படித்தார்.

"மூணு வயசுப் பொண்ணு. அம்மா கிளம்பினா அழறதில்லை. திரும்பி வந்தா ஓடி வர்றதும் இல்லை. யார் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கிட்டுப் பின்னாடியே போயிடும்... அடடா, நல்லாக் கவனிச்சிருக்கீங்க! அந்தத் தாய்கிட்டப் பேசினீங்களா?"

"அவளுக்கு நேரமில்லைங்க மேடம்."

"நேரமில்லையா? மகாராணியோ?"

"பகல் பூரா வேலை. சாயங்காலமானா படிக்கப் போயிடுறா."

பயிற்சியாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெத்த பிள்ளையைத் தவிக்க விட்டுட்டு அப்படி என்ன பொல்லாத படிப்பு?"

"உங்க வகுப்புதான் மேடம்" என்றாள் டீச்சர். "என் பொண்ணைப் பத்தி எழுதினாலும் நான் பாஸ்தானே?"