எதிர்மலையின் நிறம்

றொனியின் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் நீலச் சாயத்தை அக்கா நேசராணி மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்கிறாள். நாளை கொழும்பில், நுண்கலை முதுகலைப் படிப்புக்கு அவனுக்கு நேர்முகம். கொண்டுபோகும் ஓவியம் தோட்டத்து லய வீட்டுக் கட்டிலில் விரிந்து கிடக்கிறது. "கேள்வி கேளுக்கா, பழகிக்கிறேன்." அவள் முகத்தை இறுக்கிக்கொள்கிறாள். "ஏன் தம்பி, தேயிலை மலைய நீலமா தீட்டியிருக்கீங்க? பச்சை கிடைக்கலையா?" "விடியக்காலம் பெரட்டுக்குப் போறப்ப எங்க மலை நீலந்தாங்க சேர். எங்கக்காவைக் கேளுங்க." "நான் எங்கடா பாத்தேன்? கங்காணி சத்தத்துக்கு ஓடவே சரியா இருக்கு." சிரித்தாலும் விரலை விடவில்லை. அன்றிரவு கொழும்புக்கு அவன் ஏறிய பஸ் மலையிறங்கும் வளைவில் கவிழ்ந்தது, அவன் திரும்பவில்லை. இப்போதெல்லாம் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில், கங்காணி கத்தினாலும், நேசராணி நின்று பார்க்கிறாள். எதிர்மலை நீலமாகத்தான் இருக்கிறது.