உப்புத் தண்ணீர்

கறுப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் குணசீலன் கேன் தண்ணீரில்தான் கழுவுவான். போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். அதே தண்ணீரில் குளித்து மனைவி ரெஜினாவுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது அவன் கண்ணில் படவில்லை. கை முறிந்து கட்டுப் போட்டிருந்ததால் அன்று அவளை ஏவினான். "மெதுவா ஊத்து. மெத்துன்னு இருக்குற துணியால ஒத்தி எடு. ஒரு கீறல் விழுந்துச்சு, கொன்னுடுவேன்."

ரெஜினா போர் குழாயைத் திறந்தாள்.

"ஏய், எந்தத் தண்ணிடி அது?"

"நான் குளிக்கிற தண்ணி."

முழுக்க நனைந்த காரை நிழலிலிருந்து உச்சி வெயிலுக்கு ஓட்டிவந்து நிறுத்தினாள்.

"தொடைடி!"

அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். குணசீலன் சட்டையைக் கழற்றித் துடைக்கப் பார்த்தான். மாவுக்கட்டில் சட்டைக் கை மாட்டிக்கொண்டது. பானெட்டில் துளிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன.