பதினோரு மணிக்கு நாற்காலி காலி

மறுபடியும் அந்த நாற்காலி காலி.

சக்ரபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, 'நூர் முகமது, சீட்டில் இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். அடிக்கோடு போடுவதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் ஹைதராபாத் அலுவலகத்தில் அவர் நலப்பிரிவு அதிகாரி. அவருடைய அறை தரைத்தளத்தில். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நான்கு பேரும் உட்காருவது இரண்டாம் மாடியில். இந்தத் தூரம்தான் சோம்பேறிகளை வளர்க்கிறது என்பது அவருடைய கட்சி. அதனால் மூன்று வாரமாக, பத்தே முக்கால் ஆனால் மாடியேறி விடுகிறார்.

"ஏம்மா ரோஸ்லின், பக்கத்து சீட்டு எங்கே?"

ரோஸ்லின் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழே போயிருக்கார் சார்."

"கீழேன்னா?"

"கீழேதான் சார்."

"அதாம்மா, கீழே எங்கே?"

ரோஸ்லின் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதை அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இங்கேதான் எங்கேயாவது இருப்பார் சார்" என்று முடித்துக்கொண்டாள்.

எல்லாம் கூட்டுக் களவாணிகள்!

சக்ரபாணி வேட்டைக்குக் கிளம்பினார். முதலில் கேன்டீன். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று ஒரு டீ குடித்தார். அந்த இடத்திலிருந்து வாசல் சரியாகத் தெரியவில்லை என்று, வேறு மேஜைக்கு மாறி இன்னொரு டீ. அப்புறம் ஸ்கூட்டர் ஸ்டாண்டு. அதற்கப்புறம் சிகரெட் பிடிப்பவர்கள் ஒதுங்கும் ஜெனரேட்டர் அறையின் பின்பக்கம். எங்கேயும் ஆள் இல்லை.

நூரிடமே கேட்டுவிடலாம்தான். கேட்டால் உஷாராகி விடுவானே! ஆதாரத்தோடு பிடிக்க வேண்டாமா?

"உழைக்காம சம்பளம் வாங்கறவனைக் கண்டா எனக்குப் பத்திண்டு வரது பட்டு" என்று மல்காஜ்கிரி வீட்டில் மனைவியிடம் தினமும் பொருமினார். பட்டு, "மோர் போடட்டுமா?" என்பாள்.

இன்று முடிவு கட்டிவிட வேண்டியதுதான். பிரமோஷன் பட்டியல் பொது மேலாளர் ருக்மிணி மேடத்தின் மேஜைக்கு வந்துவிட்டது. அதில் நூர் முகமது பெயர் இருக்கிறது. பதினான்கு வருஷம் ஒரே பதவியில் காத்துக் கிடந்தவன். ஒரு மெமோ விழுந்தால் பெயர் அடிபட்டுப் போகும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே!

ருக்மிணி மேடம் பொள்ளாச்சிக்காரர். சக்ரபாணி கொண்டுபோய் நீட்டிய நோட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

"தினமும் பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஆளே இல்லைங்களா?"

"ஒரு நாள்கூட இல்லை மேடம். இப்பவும் இல்லை."

"அப்ப வாங்க, கையும் களவுமா பிடிச்சுருவோம்."

சக்ரபாணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடத்துக்குக் கேன்டீனைக் காட்டினார், ஸ்கூட்டர் ஸ்டாண்டைக் காட்டினார். எந்த மேஜையில் உட்கார்ந்து எப்படி வேவு பார்த்தார் என்பதையும் நடித்துக் காட்டினார். வெயிலில் மேடத்துக்கு வியர்த்துவிட்டது.

"நீங்க என் ரூம்ல ஃபேனைப் போட்டுண்டு உட்காருங்கோ மேடம். அவனை நான் பிடிச்சு இழுத்துண்டு வரேன்."

மேடத்தோடு கட்டடத்துக்குள் திரும்பினால், அவர் அறை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் வரிசை. எல்லாம் ஓய்வுபெற்ற பழைய ஊழியர்கள். ஒருவர் ஊன்றுகோலோடு, ஒருவர் கண்ணில் கட்டோடு. எல்லார் கையிலும் மருத்துவ அட்டை புதுப்பிக்கும் படிவம்.

உள்ளே, சக்ரபாணியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால், சக்ரபாணியின் நாற்காலியில் நூர் முகமது உட்கார்ந்திருந்தான். கை நடுங்கும் ஒரு பெரியவருக்காகப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவன், மேடத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"மன்னிக்கணும் மேடம். பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு இவங்களைப் பார்க்கிற நேரம். சார் மாடியில ரவுண்ட்ஸ்ல இருப்பார். வயசானவங்க நிக்கிறாங்களேன்னு நான் எழுதி, சரிபார்த்து வைப்பேன். சாயங்காலம் சார் கையெழுத்துப் போட்டுடுவார்."

சாயங்காலம் மேஜைமேல் இருக்கும் கட்டுக்குச் சக்ரபாணி தினமும் கையெழுத்துப் போடுகிறார்தான். அது எப்படி அங்கே வந்தது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"உட்காருங்க நூர். எல்லாரையும் அனுப்பிட்டு மேல வாங்க. உங்க பிரமோஷன் ஆர்டரைக் கையிலயே வாங்கிக்கலாம்" என்றார் மேடம். பிறகு வெளியே வந்து, குரலைத் தணித்தார். "நீங்க எழுதினதுல தப்பே இல்லைங்க சக்ரபாணி. அந்த ஒரு மணி நேரம் அவர் சீட்டுல அவர் இல்லை. உங்க சீட்டுல நீங்களும் இல்லை."

மேடம் மாடியேறிப் போய்விட்டார்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, சக்ரபாணி தன் நாற்காலியை நோக்கி நடந்தார். வாசலில் ஓர் ஊன்றுகோல் குறுக்கே நீண்டது. சைனிக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த பெரியவர் ஒருவருடையது.

"அரே பாய், நடுவுல நுழைய நக்கோ! லைன்ல வாங்க."

"இல்லே, நான் வந்து..."

"அட, ஏன் பயப்படறீங்க? முன்னே இந்த சீட்ல ஒரு சிடுமூஞ்சி இருந்தானாம், 'நாளைக்கு வா, நாளைக்கு வா'ன்னே விரட்டுவானாம். அவன் ஒழிஞ்சு மூணு வாரம் ஆச்சு. இப்ப வந்திருக்கிற இந்தச் சக்ரபாணி சார் தங்கமான மனுஷன்!"