பத்தாவது ஆள்

சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அலதாருக்கு அதுதான் ஏமாற்றம்.

சூப்பில் மிதந்த ரொட்டித்தூள் உருண்டையைக் கரண்டியால் வெட்டிப் பார்த்தார். மெத்தென்று வெட்டுப்பட்டது. கல் மாதிரி இருந்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு, நாலு பேர் காதில் விழும்படி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அவர் வியன்னாவில் ரயிலேறி, இந்தப் பனியில் புதாபெஸ்ட் வந்திருந்தார்.

அவருடைய அப்பா ஜிக்மோந்த் நடத்திய சாப்பாட்டுக் கடை அது. வெளிநாட்டில் இருந்த மகனுக்குக் கொடுக்காமல், சமையல்காரன் ஆர்மினுக்குக் கொடுத்துவிட்டு அப்பா கண்ணை மூடினார். போர் முடிந்த வருஷம், தாய் தகப்பன் பேர்கூடத் தெரியாமல் பின்வாசலில் வந்து நின்ற பொடியன்தான் ஆர்மின். அப்பாவின் கரண்டியைப் பிடித்தவன் கடையையும் பிடித்துக்கொண்டான் என்று அலதார் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வந்தார். சாவுக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் இந்த வாசலை மிதிக்கவில்லை.

ஆர்மினின் மனைவி மார்கித்துக்கு இவரை யாரென்று தெரியாது. இரவெல்லாம் அடுப்பில் வெந்த பயறையும் பார்லியையும் கொண்டுவந்து வைத்தாள். மேலே புகைபோட்ட வாத்துக்கால் இருந்தது. குளிரில் வந்திருக்கிறாரே என்று கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

கல்லாவின் பக்கத்தில் கண்ணாடி டம்ளருக்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. இறந்தவர்களின் நினைவு நாளில் முழு நாளும் எரிய விடுவது. வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் மார்கித் ஓடிப்போய் அதைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

பயறிலும் குறை கிடைக்கவில்லை. அப்பாவின் கைமணம் அப்படியே இருந்தது. அலதாருக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அப்போதுதான் ஹெர்மன் உள்ளே வந்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூத ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர், எண்பதைத் தாண்டியவர். தோளில் பனியோடு மேசைகளை ஒரு நோட்டம் விட்டார். மூலையில் இரண்டு பெண்கள், ஜன்னலோரம் அலதார். கிழவரின் முகம் மலர்ந்தது.

"அலதார் தம்பிதானே? நீ வருவேன்னு ஆர்மின் வருஷா வருஷம் சொல்லுவான். நான்தான் நம்பல."

எதிர்பார்த்தானா? உள்ளுக்குள் பயம் இருக்கும், இருக்கட்டும் என்று அலதார் நினைத்துக்கொண்டார்.

ஹெர்மன் வந்த காரியத்தைச் சொன்னார். இறந்த தாய் தகப்பனுக்காகப் பிள்ளைகள் சொல்லும் நினைவு ஜெபத்தை ஆர்மின் சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் கூடாமல் அதைச் சொல்ல முடியாது. நேற்று மாலையும் இன்று காலையும் பனியால் ஆள் சேரவில்லை. இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். இருட்டிவிட்டால் யூதர் கணக்கில் நாள் முடிந்தது, இனி அடுத்த வருஷம்தான்.

"ஆர்மின் அங்கேயா நிக்கிறான்?"

"மத்தியானத்துலேர்ந்து நிக்கிறான். தெருவுல போறவன் வர்றவன் கையையெல்லாம் பிடிச்சு இழுத்துப் பார்த்தான். நீ ஒருத்தன் வந்தாப் போதும், தம்பி."

சூப்பில் கிடைக்காதது அலதாருக்கு இங்கே கிடைத்துவிட்டது. மாட்டேன் என்று சொன்னால் கிழவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

"வராம இருப்பேனா? தட்டுல போட்டத வீணாக்கக் கூடாதே. நீங்க முன்னால போங்க, முடிச்சுட்டு வந்துடறேன்."

"நல்லா இருப்பே," என்று அவர் தோளைத் தட்டிவிட்டு ஹெர்மன் போனார்.

அலதார் பயறை ஒவ்வொன்றாகத் தின்றார். எலும்பைத் திருப்பித் திருப்பிச் சுரண்டினார். பிறகு கேக் கேட்டார். கசகசா, வால்நட், ஆப்பிள், பிளம் ஜாம் என்று அடுக்கடுக்காக இருந்ததை ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துச் சாப்பிட்டார். மார்கித் தயங்கித் தயங்கி வந்து, உங்களுக்காகக் காத்திருக்கிறார்களே என்று நினைவூட்டினாள். இவ்வளவு ருசியானதை அவசரமாக விழுங்க மனசு வரவில்லை என்று சொல்லி, ஒரு காபியும் கேட்டார்.

ஜன்னல் வழியே ஆர்மின் தெரிந்தான். ஜெபக்கூடத்து வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஹெர்மன் நடந்துபோன தடத்தைப் பனி கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு நல்ல காரியத்தைச் செய்யாமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று அலதாருக்கே வியப்பாக இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

முற்றத்தில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஹெர்மன் வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"இருட்டிருச்சு. எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க. ஆர்மின் மட்டும் உள்ள உக்காந்து அழுதுட்டிருக்கான்."

அலதார் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எந்தச் சாப்பாடும் அவருக்கு இப்படி நிறைவாக இருந்ததில்லை.

"அழட்டும். ஆமா, அப்பன் பேரே தெரியாத பய, யாருக்காக இப்படித் தெருத்தெருவா ஆள் பிடிச்சான்?"

ஹெர்மன் அவரையே பார்த்தார். இன்று என்ன நாள் என்று தெரியாமல்தான் இவன் வந்திருக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லாப் பக்கம் திரும்பி, டம்ளருக்குள் அடி வரைக்கும் இறங்கிவிட்ட சுடரைக் கையால் காட்டினார்.

"உங்க அப்பாவுக்காகத்தான், தம்பி."