மெல்போர்ன் மேடம்

“வேலை போச்சுன்னே வச்சுக்கிடுங்க. ஆதாரை அனுப்பி ரெண்டே நாள்ல, வீட்டைப் பாக்கணும்னு மெசேஜ் போடுதாவன்னா வேற எதுக்கு?”

கலைச்செல்வி கைப்பேசியைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பேச்சிராஜா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தான். தமிழ் எழுத்து அவனுக்குக் கொஞ்சம் தகராறு. உதடு அசைத்துத்தான் படிப்பான்.

‘உறவினர் திருமணத்துக்காக மும்பை வருகிறேன். வியாழன் மாலை நான்கு மணிக்குத் தங்கள் இல்லத்துக்கு வர விரும்புகிறேன். தனியாகப் பேச வேண்டும். விஜயலட்சுமி, பள்ளி முதல்வர்.’

“தனியாவா?” என்றான்.

மெல்போர்னில் ஒரு தமிழ்ப் பள்ளி. தாராவியில் இருந்தபடியே இரண்டு வருடமாகக் கலைச்செல்வி அதற்கு ஆசிரியை. அங்கே பிள்ளைகள் வீடு திரும்பிக் கணினி முன் உட்காரும்போது இங்கே காலை பதினொன்றரை. அந்த ஒரு மணி நேரம் பேச்சிராஜா மிஷினைத் தொட மாட்டான். பக்கத்து ஒற்றை அறைக் கோலிகளில் இருப்பவர்கள்கூடப் பெருந்தன்மையோடு குக்கர் வைப்பதைத் தள்ளிப்போட்டார்கள். திரையில் கலைச்செல்விக்குப் பின்னால் அழகான புத்தக அலமாரி ஒன்று தெரியும். உண்மையில் அங்கே இருப்பது, தைத்துக் கட்டி வைத்த பை மூட்டைகள்.

நேர்காணலில் எந்த ஏரியா என்று கேட்டபோது “மாதுங்கா” என்று சொல்லிவிட்டாள். வேலை கேட்கப் போகிற இடத்தில் தாராவிக்காரர்கள் பக்கத்திலிருக்கும் வசதியான ஏரியாக்களைக் காட்டி சயான் என்றும் மாதுங்கா என்றும் சொல்லிக்கொள்வது ஊரறிந்த கதை. பாழாய்ப்போன ஆதாருக்கு அது தெரியுமா? நிரந்தர வேலைக்காகக் கேட்டார்கள் என்று அனுப்பினாள். கதவு எண், சந்தின் பெயர், தாராவி என்று எல்லாமே அதில் பளிச்சென்று இருந்தது.

“எங்க சேட்டோட ஃபிளாட் மாதுங்காவுல சும்மாதான் பூட்டிக் கெடக்கு. ஒரு மணி நேரத்துக்குச் சாவி கேட்டுப் பாக்கவா?”

“ஒரு பொய்க்கே உசுரு போகுது, இன்னொண்ணு வேறயா? உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுருதேன்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பி.ஏ. தமிழ் படிச்சிட்டு பேக்குக்கு ஜிப் வச்சுத் தச்சிட்டிருந்தவ நான். என்னை டீச்சர்னு கூப்பிடுதது அந்தப் பிள்ளைக மட்டும்தாங்க.”

“டென்ஷன் ஆவாத. முதல்ல வெளியில எங்கயாவது பாக்கலாமான்னு கேளு.”

கேட்டாள். மாதுங்காவில் நல்ல காபி கிடைக்கும் ஹோட்டல் இருக்கிறது, அங்கே சந்திக்கலாமா என்று பணிவாக எழுதினாள். ‘வேண்டாம். தங்கள் இல்லத்திலேயே சந்திப்போம்’ என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றரைக்கே தொண்ணூறு அடி ரோட்டில் போய் நின்றாள். அவர்கள் சந்துக்குள் கூரியர்காரன்கூட நுழைய மாட்டான். ரோட்டு முனையில் நின்று போன் செய்து, ஆளை வரவழைத்துத்தான் பொருளைக் கொடுப்பான். ஒரு ஆள் நடந்தால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த வழியாக மெல்போர்ன்காரியை எப்படிக் கூட்டிப் போவது?

நிற்கிற ஒவ்வொரு டாக்ஸியையும் எட்டி எட்டிப் பார்த்தாள். “மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, நான் செய்தது பெரும் பிழை” என்று மனதுக்குள் ஒத்திகை வேறு. மணி நாலு ஆயிற்று, நாலே கால் ஆயிற்று. போன் அடித்தது. பேச்சிராஜா!

“ஏட்டி, எங்க நிக்க? மேடம் இங்க வந்து உக்காந்திருக்காவ!”

“யாருங்க கூட்டிட்டு வந்தா?”

“யாருமில்ல, தனியாத்தான் வந்தாவ. மூட்டையெல்லாம் பாத்துட்டாவ. நீ ஜல்தி வா!”

கலைச்செல்வி ஓடினாள். வீட்டு வாசலை அடைந்தபோது மூச்சு வாங்கியது. உள்ளே, திரையில் பார்த்த அதே தங்கக் கண்ணாடி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிரிப்பு கொஞ்சமும் இல்லாத முகம். பேச்சிராஜா கொடுத்த டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

“தாங்கள் சற்று நேரம் வெளியே இருக்க முடியுமா?” என்றார் மேடம் அவனிடம். அவன் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். மேடம் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார்.

ஒத்திகை பார்த்த தமிழெல்லாம் கலைச்செல்விக்கு எங்கோ போய்விட்டது.

“மேடம், மன்னிச்சிருங்க. தாராவின்னு சொன்னா வேலை தர மாட்டீங்கன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன். வேற ஒரு பொய்யும் சொல்லல மேடம். என்னை வேலைய விட்டு மட்டும்…”

மேடம் அவள் கையைப் பிடித்தார்.

“வேலை உனக்குத்தான்ட்டி, கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றார், குரலைத் தணித்துக்கொண்டு. “உன் ஆதாருல இந்தச் சந்துப் பேரைப் பாத்ததுல இருந்து எனக்குத்தான் தூக்கமில்ல. நான் எதுத்த வீட்டு இட்லிக்காரர் அய்யாத்துரை மவ. மெல்போர்ன்ல எல்லாரும் என்னைய மாதுங்கா புரொபசர் வீட்டுப் பொண்ணுன்னு நம்பிக்கிட்டிருக்காவ. காட்டிக் குடுத்துராத தாயி!”